பெறுநர் இல்லாத புகார்கள்: என் அலுவலக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனுப்புநர்: கண்காணிப்பாளர், ஜன்னலோர மேசை.

பெறுநர்: என்னோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் 9 பேர். இதே மாதிரி அறைகளில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கலாம்.

பொருள்: காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை நாம் புலம்பிக்கொண்டே இருப்பது தொடர்பாக.

நண்பர்களே,

போன திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நம் துறை சார்பில் நான்தான் போயிருந்தேன். நம் அலுவலர், ஆய்வுக் கூட்டத்துக்காகச் சென்னை போய்விட்டதால் அந்த நாற்காலி எனக்கு வந்தது. பதினொன்றரை மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்தார். அதற்குள் ரப்பர் பேண்ட் போட்டு நாலு ஒப்புகைச் சீட்டு. "இது போன தடவ நம்பர், இது அதுக்கு முந்தின நம்பர்" என்று ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. "இந்த நம்பருக்கு என்ன பதில் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்து நாற்காலித் துறைக்காரருக்கு வியர்த்துவிட்டது. (நம் துறை விஷயம் இல்லை, நல்லவேளை.)

இரண்டரை மணிக்கு அறைக்குத் திரும்பினேன். கைப்பையை மேசையில் வைப்பதற்குள் என் காதில் விழுந்தவை இவை. சம்பள பில் போடும் களஞ்சியம் மென்பொருள் காலையிலிருந்து சுத்திக்கொண்டே இருக்கிறது, பில் போகவில்லை. கேன்டீன் சாம்பார் வெந்நீர். ஆ2 சீட்காரர் இன்றைக்கும் லீவு, அவர் தபாலும் சேர்ந்து ஒரே தலையில். மாடிப்படியில் லைட் எரியவில்லை, யாரோ மறுபடி தடுக்கிவிட்டார்கள். நாலுமே உண்மை. நாலையும் போன வாரமும் கேட்டேன், போன மாதமும் கேட்டேன். படிக்கட்டு லைட்டை நான் தீபாவளிக்கு முன்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் குறைக்கு ஒரு நம்பர் இருக்கிறது. நம் குறைகளில் ஒன்றுக்குக்கூட இல்லை. ஊரார் மனுவுக்கெல்லாம் கோப்புக்கு அடையாளமான ந.க. எண் போட்டு, அவரவர் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏற்றி, பதில் வராவிட்டால் நினைவூட்டு அனுப்பி, அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம். நம் சொந்தக் குறை என்று வந்தால் அந்த வித்தை எல்லாம் மறந்துபோகிறது. கோப்பு முடிந்தால் எல்.டிஸ் போடுவோம், ஒரு வருஷத்தில் கழித்துவிடலாம். ஆர்.டிஸ் போட்டால் என்றென்றைக்கும் பாதுகாக்க வேண்டும். நம் புலம்பல்கள் எல்லாவற்றையும் நாம் ஆர்.டிஸ் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். தினமும் எடுத்துத் தூசி தட்டி, வாசித்துவிட்டு, திரும்ப அதே ரேக்கில்.

உடனே 'மேடம் மோட்டிவேஷன் கிளாஸ் எடுக்க வந்துட்டாங்க' என்று நினைக்காதீர்கள். அந்த வகுப்பை நானும் உங்களோடு உட்கார்ந்து கேட்டவள்தான். தினமும் காலையில் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார் அந்தப் பயிற்சியாளர். நாம் மூன்று பேர் சேர்ந்து, சாப்பாடு ஒன்றே முக்கால் வரைக்கும் வராததைப் பற்றி அவரிடமே புலம்பினோம்.

நம் குறைகள் பொய் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 14 பணியிடம் அனுமதிக்கப்பட்ட அலுவலகத்தில் என்னையும் சேர்த்து 10 பேர். மூன்று சீட்டை ஒருவர் பார்க்கிறார், அதற்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று கௌரவமாகப் பெயர். 1.4.2003க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத்துக்காகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ரிட்டயர்டானால் கையில் என்ன வரும் என்ற கேள்வியோடுதான் உங்களில் ஆறு பேர் இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். 2020இல் கொரோனாவோடு, ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கும் சரண்டர் நின்றது. அந்தப் பணத்தை நம்பிப் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள் இந்த அறையிலேயே இருந்தார்கள். அதை 2025 அக்டோபரிலிருந்து திரும்பத் தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வருவதற்கு ஐந்து வருஷம் ஆனது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சரண்டர் நம் டீக்கடைப் பேச்சினால் திரும்ப வரவில்லை. சங்கங்கள் கோரிக்கை மனு எழுதின, ஆர்ப்பாட்டம் நடத்தின, மறுபடி எழுதின. ஒவ்வொரு மனுவிலும் 'பெறுநர்' என்று ஒரு வரி இருந்தது.

இதில் எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. 2003 ஜூலை அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒரே வீச்சில் 1,70,000 பேருக்கு மேல் டிஸ்மிஸ் ஆனார்களே, அதில் நானும் ஒருத்தி. அப்போது இளநிலை உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம், மடியில் கைக்குழந்தை. உச்ச நீதிமன்றம் வரை போய், நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப உள்ளே வந்தோம். அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. அதற்கும் பெறுநர் இருந்தார். எழுதிக் கொடுப்பது என்றால் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, ஃபேன் கதைக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

என் மேசைக்கும் டைப்பிஸ்ட் மேசைக்கும் நடுவில் தொங்குகிற ஃபேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தில் வைத்தாலும் இறக்கையை எண்ணிவிடலாம், அந்த வேகத்தில்தான் சுற்றும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அந்த அறையின் ஒரே பேச்சு அதுதான். "காத்து வரல" என்று தொடங்கும். "கலெக்டர் ரூம்ல ஏசி" என்று போகும். "நம்மள மனுஷனா மதிச்சாத்தானே" என்று முடியும். எனக்கும் அதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் வேறெதற்கோ பழைய கோப்பைப் புரட்டும்போது, கட்டடப் பராமரிப்புக் கோப்பில் இந்த ஃபேனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. கட்டடத்தின் மின்சார வேலையைப் பார்க்க வேண்டிய பொதுப்பணித்துறை மின்பிரிவுக்கு, இரண்டு மாதத்தில் நாம் ஒரு துண்டுச் சீட்டுகூட அனுப்பவில்லை. கலெக்டர் ரூம் ஏசி வரைக்கும் போன நாம், அடுத்த கட்டடத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை.

நாலு வரியில் கடிதம் எழுதி, நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது நாள் ஒரு தம்பி ஏணியோடு வந்தார். மேலே ஏறி மூடியைக் கழற்றி, விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். "கன்டென்சர் போயிருக்கு மேடம், வேற ஒண்ணும் இல்ல." புதுசு மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விமானம் மாதிரி கிளம்பியது. ஏணி வந்து ஏணி போக மொத்தம் பத்து நிமிஷம்.

மறுநாள் காலை பத்தே கால் மணி. கையெழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கேட்ட முதல் குரல்: "இந்த ஃபேன் ஓவரா சுத்துது மேடம், பேப்பர் எல்லாம் பறக்குது."

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ராத்திரி பஸ்ஸில் போகும்போது எனக்கு யோசனை வந்தது. ஃபேன் சரியானதில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்லை. பேச்சுக்கு இருந்த ஒரு பொருள் கைவிட்டுப் போனதில் லேசாக ஒரு வருத்தம்கூட இருந்த மாதிரி பட்டது. அப்படியானால் அந்த இரண்டு மாதமும் நாம் ஃபேனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோமா?

பழந்தமிழில் 'புலம்பு' என்றால் தனிமை. என் தமிழ் வாத்தியார் சொல்லிக் கேட்டது, இத்தனை வருஷம் கழித்து இங்கே வந்து புரிந்தது. நம் பதிவறைக்குப் பக்கத்தில் உட்காரும் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். (அவரிடமும், அடுத்து நான் சொல்லப்போகும் தங்கையிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னையும் போடுங்க மேடம், ஆனா அந்தச் சாம்பாரையும் போடுங்க" என்றார் அண்ணன்.) தினமும் மதியம் கேன்டீன் சாப்பாட்டை அவர் திட்டுகிற திட்டில் நாம் எரிச்சல் பட்டிருக்கிறோம். அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. காலையில் மெஸ், மதியம் கேன்டீன், ராத்திரி மறுபடி மெஸ். அவர் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நாம் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் ஒரு வாரம் நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் அவர் மனைவி வைக்கும் முருங்கைக்காய்ப் புளிக்குழம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த வாரம் சாம்பார் பேச்சு வந்தது ஒரே ஒரு முறைதான். அது நியாயமான புகாரும்கூட, அன்றைக்கு நிஜமாகவே அதில் பருப்பே இல்லை.

அதனால் புலம்பக் கூடாது என்று சுற்றறிக்கை போட நான் வரவில்லை. பெற்ற தாயிடம் சொல்ல முடியாததை டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டிடம் சொல்லி இறக்கி வைப்பது மனுஷர்கள் செய்கிற காரியம். நாலு காலிப் பணியிடத்துக்கு நான் மூன்று நினைவூட்டு போட்டாகிவிட்டது, மேலிடத்திலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. அதற்குமேல் அந்த விஷயத்தில் புலம்புவதைத் தவிர எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன் குரூப் 4 எழுதி வேறு மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாளே நம் தங்கை, அவள் சேர்ந்த முதல் நாள் நாம் அவளிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, வேற டிபார்ட்மென்ட் கிடைக்கலயா?" ஒருவர் மாற்றி ஒருவர் நாலு பேர் கேட்டோம். அவள் அப்பா சந்தோஷத்தில் வாங்கி அனுப்பிய ஸ்வீட் பாக்ஸ் மேசையில் திறந்தே இருந்தது.

சேர்ந்த ஒரு மாதத்தில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். பெண்கள் கழிவறைத் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை, உள்ளே போனால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று. என்னிடமும் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க எதும்மா சரியா இருக்கு." சொல்லிவிட்டுக் கோப்புக்குத் திரும்பிவிட்டேன். நமக்கெல்லாம் அது பழகிவிட்டது. ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே காவல் நிற்போம். புதிதாக வந்த பிள்ளை யாரைக் காவலுக்குக் கூப்பிடுவாள்? அவள் இன்னும் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அது லைட், தண்ணி கேன், களஞ்சியம் என்கிற நம் கச்சேரியில் கலந்து போய்விட்டது. அதன் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய மருத்துவ விடுப்பு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. ஐந்து நாள். சான்றிதழில் சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று எழுதியிருந்தது. பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாயங்காலம் நம் அலுவலக உதவியாளர் தம்பியோடு கடைவீதிக்குப் போய்த் தாழ்ப்பாளும் நாலு ஸ்க்ரூவும் வாங்கி வந்தோம். பெட்டிக்குள் ஒரு நிலைக்கண்ணாடி ஸ்டிக்கரும் இலவசமாக இருந்தது. அதையும் அங்கேயே ஒட்டினோம்.

எல்லோரும் எல்லாவற்றையும் பற்றி எந்நேரமும் குறை சொல்லும் அறையில், நிஜமாக வலிக்கிற ஒரு ஆளின் குரல் யாருக்கும் தனியாகக் கேட்பதில்லை. இந்த மடலை எழுத வைத்தது ஃபேன் இல்லை, அந்த ஐந்து நாள் விடுப்புத்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், முக்கியமாகப் பெண்களுக்கு. உடன் வேலை பார்ப்பவரோ மேலே இருப்பவரோ தவறாகப் பேசினால், தவறாக நடந்தால், அதைத் தயவுசெய்து டீ நேரப் பேச்சாக்கி ஆறவிடாதீர்கள். அதற்கு 2013ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். நம் அறையில் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்க நாம் எடுத்துக்கொள்கிற காலத்தைப் பார்த்தால், 3 மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

நாம் ஏன் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், யார் சொன்னது என்று கேட்டால் "பொதுவா பேசிக்கிட்டோம் சார்" என்று தப்பிக்கலாம். காகிதத்தில் வந்தால் கையெழுத்து நிற்கும். நாளைக்கு அதே கையெழுத்தைக் காட்டி 17(அ) என்ற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வரும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் வரும் என்ற பயம். அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. முன்பு ஒரு அலுவலரிடம், நாற்காலி உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவரை, "அப்ப இத்தனை நாள் எதுல உக்காந்து வேலை பார்த்தீங்க?" என்று கேட்டு விளக்கம் கோரிய குறிப்பாணை என் கண்ணால் பார்த்தது. மேலே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மாதாந்திரக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் நிலுவைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வகைப் புலம்பல் இருக்கிறது. அதைப் பற்றி எழுதாமல் போனால் நான் பாதிதான் நேர்மையானவள். அறையில் இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவது. ஆ2 லீவு போட்டால் ஆ2வைப் பற்றி. டீ குடிக்க மூன்று பேர் போனால், போன மூன்று பேரைப் பற்றி மிச்சமிருப்பவர்கள். நான் கழிவறைக்குப் போயிருக்கும்போது என்னைப் பற்றி என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாதா? இதில் என் பங்கும் உண்டு. ஆ2வின் மாமியார் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள், "அவங்களுக்கு மட்டும் எப்படித்தான் லீவு கிடைக்குதோ" என்று யாரோ சொன்னபோது, நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஆ2, இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்தால் நேரே என் மேசைக்கு வாருங்கள். வேறு யாரிடமும் போய்ப் புலம்ப வேண்டாம்.

அப்புறம், செய்யப்போவது இதுதான். தபால் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் 80 பக்க நோட்டு ஒன்று நூல் கட்டித் தொங்குகிறது. ஏதாவது உடைந்திருந்தால், வராமல் இருந்தால், வலித்தால், தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் அதை எடுத்து, எந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டுமோ அதற்குக் கடிதம் தயார் செய்வேன். ந.க. எண்ணோடு, என் பெயரில், என் கையெழுத்தில் போகும். குறிப்பாணை வந்தால் எனக்கு வரட்டும். நான் 2003ஐயே பார்த்தவள், ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது, நேரம் நிறைய உண்டு. நோட்டில் ஏறிய விஷயத்தைப் பதில் வரும் வரைக்கும் அறையில் பேசாமல் இருக்க முயற்சி செய்யலாம். முடியாவிட்டால் பேசுங்கள், ஆனால் ந.க. எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். நோட்டில் எழுத முடியாத விஷயம் இருந்தால், ஒன்றரை மணிக்கு என் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்த மாதம் இரண்டு புது ஆட்கள் வருவதாகப் பேச்சு. வந்தால், முதல் நாள் அவர்களிடம் ஏன் இங்கே வந்தாய் என்று யாரும் கேட்காதீர்கள். எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேளுங்கள், போதும்.

நோட்டின் முதல் வரியை நானே எழுதிவிட்டேன். மாடிப்படி லைட். கடிதம் நேற்றே போய்விட்டது, சீல் வாங்கிய நகல் நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறது. ஏணியோடு ஆள் வரும் வரைக்கும் எட்டாவது படியில் பார்த்துக் கால் வையுங்கள், அதன் ஓரம் உடைந்திருக்கிறது. அதையும் இரண்டாவது வரியாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர்

நகல்: வளாகத்து டீக்கடை அண்ணனுக்கு, தகவலுக்காக. வெள்ளிக்கிழமை மூன்று மணி டீ எனக்கு மட்டும் மேசைக்கு அனுப்பவும்.